நாற்பத்தொரு நிமிடம்

நூற்று அறுபத்து மூன்று நிமிடப் படம்.
முதலில் வெட்டியது
நிலாவில் அவர்கள் ஆடிய குத்துப்பாட்டை.
பிறகு நாயகனின் அப்பா சொல்லும் தத்துவத்தை.
பிறகு அப்பாவையே.

பீடோர் ஆலையில் இரவு ஷிப்ட்.
எடைமேடைக்கு லாரி வராத இடைவெளிகளில்
மடிக்கணினிச் சூட்டில் தொடை வேகும்.
ஈப்போவரை மோட்டாரில் போய்
பதினெட்டு வெள்ளி கொடுத்துப் பார்த்த கோபம்
ஆறு மாதமாகியும் ஆறவில்லை.

காரணம் உண்டு.
படத்தில் வரும் ஊதா நிறக் கிரகம்
எங்கள் மூன்றாம் பிளாக் செம்பனை.
பளபளக்கும் உடுப்பில் கையுயர்த்தி நிற்கும்
வேற்றுக்கிரகவாசிகள்
குலை வெட்டும் குபேந்திரனும் அவன் கூட்டாளிகளும்.
நாளுக்கு எண்பது வெள்ளி, மதியம் ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
மூன்று நாள் வெயிலில் நின்றதற்கு
நான்கு நொடி.
அதிலும் சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

நான்கு நொடியை இழுத்தேன்
பதினொன்று ஆனது.
சுடும் இடத்தைப் பின்னோக்கி ஓடவிட்டேன்:
ஒளி துப்பாக்கிக்குள் திரும்பிப் போக
விழுந்தவர்கள் எழுந்து
மண்கூடத் தட்டாமல் நிற்கிறார்கள்.

ஊதாவை மட்டும் கழற்ற முடியவில்லை.
இலையில் பச்சையைக் கொண்டுவந்தால்
முகங்கள் அழுகிப் போகின்றன.
அப்படியே விட்டேன்.

குபேந்திரன் வந்து
சாவடி நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் பார்த்தான்.
தன் முகம் வந்தபோது மூக்கைச் சொறிந்தான்.
கடைசியில் கேட்டது ஒன்றுதான்:
"பின்னால நம்ம ஆலை சங்கு கேக்குதே,
அத ஏன்டா வெட்டல?"

அவர்களும் வெட்ட மறந்தது அது.
வேற்றுக்கிரகத்தில்
காலை ஆறு மணி.