துடிப்பு அடங்கட்டும்

ப்ராம்ப்டனில் உறைபொருள் கிடங்கு, எனக்கு இரவு வேலை.
மைனஸ் பதினெட்டில் பட்டாணி, இறால், பரோட்டா.
ஒருமுறை அலாரம் அடித்தும் யாரும் எழவில்லை.
விடிந்ததும் பதினொரு பலகை இறாலை
எண்ணி எண்ணிக் குப்பைக்கு அனுப்பியது நான்தான்.

அதனால்தான் வங்கிக்காரரிடம் கேட்டேன்:
"நைட்ரஜன் குறைந்தால் யாருக்குப் போன் அடிக்கும்?
அவர் ஆழ்ந்து தூங்குகிறவரா?"

அவர் தாயத்துக்குத் தாவினார்.
"அந்தக் காலத்திலேயே கொடியை வெள்ளியில் அடைத்து
அரையில் கட்டினோமே அக்கா,
அதே விஞ்ஞானம்தான்."
பதினெட்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால்
தள்ளுபடி உண்டாம்.

கோபிதன் மூன்று வங்கிக்கும் அட்டவணை போட்டான்.
கடைசிக் கட்டத்தில் 'தேவைப்படுமா?' என்று எழுதி
வெறுமையாக விட்டிருந்தான்.
அந்த வெறுமையைப் பார்த்தபடியே கையெழுத்திட்டோம்.
பிள்ளை விஷயத்தில் பேரம் பேச
வாய் வரவில்லை.

அவள் மூன்று வாரம் முந்திக்கொண்டாள்.
பெட்டி கார் ட்ரங்கில், கார் பனிக்கடியில்.
எடுத்துவர ஓடப் பார்த்தவனின்
சுண்டுவிரல் என் பிடியில்.

"வெட்டலாமா?"
"பொறுங்கள், இன்னும் துடிக்கிறது" என்றார் மருத்துவச்சி.
நீல முறுக்கு
மெல்ல மெல்ல வெளுத்தது.
யாருடையதோ அவளுக்கே
போய்க்கொண்டிருந்தது.

அண்ணாவின் முதல் கேள்வி: "கொடி சுத்திப் பிறந்ததோ?"
இல்லை, மாமனுக்கு ஒன்றும் ஆகாது.

முன்பணம் திரும்பாது என்று கடிதம்.
பெட்டி நல்ல பெட்டி, குளிர் உள்ளே ஏறாது.
அவளுடைய காலுறைகளை அதில் வைத்திருக்கிறேன்.