முன்பணம்

ஒப்பந்தத்தின் பதினோராம் பத்தியில்
ஆணி என்ற சொல்லே கிடையாது.
'சுவர்கள் பெற்றபடியே திருப்பித் தரப்படும்.'
அவ்வளவுதான்.
இரவல் குடையைப் பற்றி எழுதியது போல.

மூன்று மாத வாடகை
எனக்கும் ஹால்வர்டுக்கும் நடுவே ஒரு வங்கிக் கணக்கில்
யார் பக்கமும் புரளாமல் படுத்திருக்கிறது.
தூக்கம் வராதது எனக்குத்தான்.

பூடோவில் ஜூன்.
முதல் படகு ஐந்தரைக்கு;
கயிறு அவிழ்க்க ஐந்துக்கே துறையில் நிற்க வேண்டும்.
ஒன்பதுக்குக் கண்ணை மூடினால்
இமைக்குள் ஆரஞ்சு.
பதினொன்றுக்கும் ஆரஞ்சு.
நள்ளிரவில் சூரியன் கடல்மேல் உட்கார்ந்துகொண்டு
இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்கிறது,
சில்லறை இல்லாத பயணி மாதிரி.

முதலில் ஒட்டுக்கொக்கிகள்.
சுவரைத் துடை, முப்பது எண்ணும்வரை அழுத்து,
ஒரு மணி நேரம் பொறு.
தடயமே இருக்காது என்று அட்டையில் சத்தியம்.
எண்ணினேன். பொறுத்தேன்.
கம்பளித் திரையின் எடை இரண்டு கிலோ
என்பதை அட்டையிடம் சொல்ல மறந்தேன்.
விடியாமலே விடிந்து கிடந்த இரண்டு மணிக்கு
எல்லாம் ஒன்றாக இறங்கியது,
பத்து குரோனர் காசளவு சுண்ணச் சாயத்தையும்
கையோடு அழைத்துக்கொண்டு.

பிறகு அழுத்துக்கம்பி.
ஜன்னல் குழியின் இரு கன்னங்களையும்
தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை.
நிற்பதற்கு அதற்கு ஆணி வேண்டாம்,
இரண்டு பக்கமும் பகை போதும்.
நான்கு நாள் நின்றது.
ஐந்தாம் நாள் சமாதானமாகிவிட்டது போலிருக்கிறது.
கீழ்வீட்டு குட்லாவ் துடைப்பக்கட்டையால்
தன் கூரையை மூன்று தட்டு தட்டினாள்.

அடுத்து, கண்ணாடியில் நீர் தெளித்து
அலுமினியத் தாள்.
அந்த இரவு தூங்கினேன், நிஜமாக.
காலைப் படகில் எதிர்வீட்டு ஓட்வார்
காப்பிக் கோப்பைக்கு மேலாகப் பார்த்து
"உள்ளே என்ன மீன் சுடுகிறாய்?" என்றான்.
படகே சிரித்தது.
மாலையே உரித்துவிட்டேன்.

உரித்த கையோடு
பெயர்ந்த இடத்தைத் தடவப் போனபோதுதான்
விரல் ஒரு குழியில் இடறியது.
சட்டத்துக்கு மேலே, இடது மூலையில்.
சுரண்டினேன்.
வெள்ளைப் பொடி. புதினா வாசம்.
பற்பசை!
வலது மூலையிலும், அதே உயரத்தில்,
அதே பல் துலக்கிய வாய்.

தபால்பெட்டியில் என் பெயருக்கு அடியில்
இன்னும் பாதி தெரிகிற ரண்வெய்க்,
உன்னைச் சந்தித்ததில்லை.
உனக்கும் தூக்கம் வரவில்லை என்று மட்டும் தெரிகிறது.
கொண்டையூசியால் தோண்டத் தோண்ட
உள்ளே சாம்பல்நிறப் பிளாஸ்டிக் ஆப்பு,
திருகாணிக்காக வாய் திறந்தபடி.
நீ கழற்ற மறந்தாயா,
விட்டுவைத்தாயா?

குடியேறிய அன்று நிரப்பிய படிவத்தைத் தேடி எடுத்தேன்.
'மேற்குச் சுவர்: குறையில்லை.'
கீழே ஹால்வர்டின் கையெழுத்து. அதன் கீழே என்னுடையது.
ஆக, இந்தத் துளைகள் இல்லை.
இரண்டு பேர் சாட்சியாக இல்லை.
இல்லாத துளையில் திருகாணியைத் திருகினேன்.
கொஞ்சம் முனகியது,
பிறகு பிடித்துக்கொண்டது.

திரையை இழுத்தேன்.
ஒரு மூலையில் விரற்கடை வெளிச்சம் கசிந்தது.
காலுறை ஒன்றைச் செருகினேன்.
என் கையை நானே
தேட வேண்டியிருந்தது.

அக்டோபரில் இருட்டு தானாக வரும்,
பெட்டி படுக்கையோடு.
அப்போது ஒரு நூல் வெளிச்சத்துக்காக
இதைக் கழற்றுவேன்.
இரண்டாம் இழுப்பறையில் புதினாப் பற்பசை தயார்.
ஆப்பு அங்கேயே இருக்கட்டும்.
தடயமே இருக்காது என்ற கொக்கி விட்டுப்போன
அந்தக் காசளவு வடு மட்டும்
என் கணக்கில்.