அரைப்பேர்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே,
மாடியில், பர்ஹான் நானாவின் கொமினிகேஷன்.
விண்ணப்பம் மூட மூன்று மணித்தியாலம்,
கடைசி பஸ்ஸுக்கு அதில் பாதி.

'முழுப்பேர்?'
எழிலரசி என்கிறேன்.
'ஐடென்டிட்டி கார்ட்ல உள்ள மாதிரி, தங்கச்சி.'
அதில் உள்ள மாதிரி என்றால்
எலிலரசி.
பதிவாளர் சிங்களத்தில் எழுதியதை
வேறொருவர் தமிழுக்குத் திருப்பியபோது
ஒரு ழ வழியில் விழுந்துவிட்டது.
ஐந்தாம் ஆண்டு வரை
பையன்கள் என் வாலைத் தேடினார்கள்.

'என்ன படிக்கப் போறீங்க?'
மொழியியல்.
விசைப்பலகையில் அவர் விரல் நின்றது.
'அது படிச்சா என்ன வேலை?'

அப்பாவும் இதையேதான் கேட்டார்,
வெள்ளவத்தை நகைக்கடையிலிருந்து,
முதலாளி காதில் விழாதபடி.
சுதர்சினி அக்கா பி.ஏ. முடித்து
அபிவிருத்தி உத்தியோகத்தர்.
மேசைக்கு நான்கு பேர், கதிரை மூன்று.
புவியியல் போடு, ஒரு பள்ளிக்கூடமாவது கிடைக்கும்
என்றாள், நின்றுகொண்டே.

போன மாசியில் நுவரெலியா ஆஸ்பத்திரியில்
'வயித்துல குத்துது' என்றாள் அம்மா.
கூட்டிக்கொண்டிருந்த பையன்தான் மொழிபெயர்த்தான்.
கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரர் வந்து
குத்தினது யார், கத்தியா,
புருசன் எங்கே என்று விசாரித்தார்.
புருசன் அந்நேரம் வெள்ளவத்தையில்
யாருடைய தாலிக்கோ மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.
பித்தப்பையில் கல் என்று தெரிய
இரண்டு நாள் போனது.
அந்த இரண்டு நாளும் ஒரு வேலைதான், நானா.
சம்பளம் யார் தருவார் என்பதுதான் தெரியவில்லை.

இதைச் சொல்லவில்லை.
'பாப்பம்' என்றேன்.

பேராதனை கிட்ட;
சனிக்கிழமை வரலாம்,
வந்தால் விறகும் பொறுக்கலாம்.
யாழ்ப்பாணம் என்றால், வாய் திறந்ததும்
'நீங்கள் எவ்விடம்?' என்பார்கள்,
நல்ல தமிழில்.
களனிக்கு ஆங்கிலம் வேண்டும்.
என்னுடைய ஆங்கிலம்
பரீட்சைத் தாளைத் தாண்டி
வெளியே நடந்து பழகவில்லை.

'இப்ப கம்பியூட்டருக்கே தமிழ் படிச்சிக் குடுக்கணுமாம்,
சல்லி இருக்காம் அதுல' என்று
நானா தன் போனை நீட்டினார்.
'பேசுங்க, அது எழுதும்.'

பேசினேன்:
'பதினெட்டுக் கிலோ வரல்ல,
அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்.'

எழுதியது:
பதினெட்டு கிலோவில் அம்மாவுக்கு
இன்னைக்கு யாரை பேர் தான்.

நானா சிரித்தார். நானும்.
நாட்கூலியைப் பேர் என்று சொல்கிற இடம் எங்களது.
கொழுந்து குறைந்தால் பாதிக் கூலி;
செக்ரோலில் பாதிப் பேர்.
இலக்கணப் புத்தகம் பெயரை ஆறாகப் பிரித்தது.
இரண்டாகப் பிரித்தது துரைமார்.
இது எந்தப் பல்கலைக்கழகத்தில்
எத்தனையாவது பாடம்?

களனி ஒன்று.
பேராதனை இரண்டு.
யாழ்ப்பாணம் மூன்று.
பயத்தின் வரிசையில் போட்டிருக்க வேண்டும்;
களனி மட்டும் அப்படி வந்தது,
மற்றது பஸ் காசு.

பிரின்ட் எடுக்கும்போது அம்மா அழைத்தாள்.
'என்னா போட்ட?'
'மொழியியல்.'
'மொளியலா? சரி. மழ வருது, சுருக்கா வா எளிலு.'

அம்மாவுக்கு எளில்.
அட்டையில் எலில்.
தமிழ் டீச்சர் மட்டும் நாக்கை மடித்து
எழில்.
எது பிழை என்று பதினாறு வருசம் திருத்தினேன்.
இன்று ரசீதின் பின்பக்கம்
மூன்றையும் எழுதினேன்,
யார், எங்கே என்று பக்கத்தில் குறித்து.
திருத்தவில்லை.

நூற்றைம்பது ரூபாய் கொடுத்துப் படியிறங்கினேன்.
மழை பிடித்துவிட்டது.
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
சிங்களக் கண்டக்டர்
அக்கரப்பத்தனையில் பாதியைக் கூவிக்கொண்டிருந்தார்:
அக்ரா, அக்ரா, அக்ரா.
ஏறினேன்.