தைலமரத் திருப்பம்

நாலேகாலுக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு
நெற்குப்பை சொசைட்டிக்குப் போகிறவள் நான்.
பழைய டிவிஎஸ். அதன் விளக்கு
மேடு ஏறினால் மங்கும், இறங்கினால் எரியும்.

தைலமரக் காடு முடிகிற திருப்பத்தில்
வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பிள்ளைகள்
ரோட்டோரம் நிற்பதாகத்தான் முதலில் பட்டது.
இந்நேரத்துக்கு எந்தக் கான்வென்ட் வேன் வருகிறது
என்று யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது.
அப்புறம்
காலுக்கு மேலே இருந்த இருட்டு
மூச்சு விட்டது.

வண்டியை நான் நிறுத்தவில்லை, நின்றது.
பிரேக்கை இறுக்கியது என் கைதான் என்று
மத்தியானம் விரல் வலித்தபோது தெரிந்தது.

காட்டு மாடு.
பிரான்மலைப் பக்கம் திரிகிறது என்பார்கள்.
கிணற்றில் விழுந்த ஒன்றைக் கிரேன் வைத்துத் தூக்குவதை
யாரோ போனில் காட்டினார்கள்.
போனில் அது என் கட்டைவிரல் அளவு.

இதன் தோளே ஒரு கரை.
கரைமேல் பனி இறங்கி மினுங்கியது.
ஒரு கொம்பில் பச்சையாக ஏதோ சுற்றியிருந்தது;
நம்ம கடலைக் கொடியா என்று
அந்த நேரத்திலும் உற்றுப் பார்த்தேன்.

சாமியைக் கூப்பிட்டாயா, கத்தினாயா என்று
எல்லோரும் கேட்கிறார்கள்.
செவலையைக் கட்டுத்தறியில்
தள்ளி நிற்கச் சொல்ல ஒரு சத்தம் வைத்திருக்கிறேன்,
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று எடுப்பது.
அதுதான் வந்தது. ஒரே தடவை.

காது திரும்பியது.

எனக்காகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன்.
கேனில் பால் தளும்பியது கேட்டிருக்கலாம்,
எனக்குப் பின்னால் ஏதாவது நின்றிருக்கலாம்
(திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து இல்லை).
ஆனால் திரும்பியது.

நாலே எட்டில் ரோட்டைக் கடந்தது.
கம்பி வேலியைத் தாண்டிய மாதிரித் தெரியவில்லை,
வேலிதான் ஒரு நிமிஷம் குனிந்து கொடுத்தது.
தைல வாசனைக்குள் சாணி வாசனை கொஞ்ச நேரம் நின்றது.

செக்ரட்டரி பாலை ஊற்றிக்கொண்டே
‘போட்டோ எடுத்தியா?’ என்றார்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
அன்றைக்கு நடந்ததில்
ரசீதில் ஏறியது அது மட்டும்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்தெருச் சுவரில்
முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது.
சேறு, நாலைந்து கருமயிர்,
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலம் அண்ணன்
குச்சியில் துணி கட்டித் துடைக்கிற உயரத்தில்.
துடைக்கும் முன் கோலாலம்பூருக்குப் படம் அனுப்பினார்.
ஆச்சியிடமிருந்து மூன்று இதயம் வந்தது,
பின்னாலேயே ஒரு கேள்வி: யானையா?

கடலைக்கு நஷ்டஈடு எழுதப் போனோம்.
படிவத்தில் ஒரு கட்டம், விலங்குகளின் எண்ணிக்கை.
ஒன்று என்றேன்.
‘ஒண்ணு தின்னதா இம்புட்டும்?’
தின்றது கொஞ்சம்தான் சார்,
நடந்ததில் போனதுதான் மிச்சம் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது.
பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் சேவுகன்
கருவேல முள்ளை இழுத்துப் போட்டு வாயை அடைக்கிறார்.
‘விழுந்து தொலைச்சா கேசு நம்ம தலையில.’
சரிதான்.
அவர் படுத்த பிறகு
நான் இன்னும் ஒரு கட்டு முள் கொண்டுபோய்ப்
பள்ளத்துப் பக்கம் போட்டேன்.
காலையில் பார்த்தார், கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
கேசுக்குப் பயந்து என்றுதான் சொல்லியிருப்பேன்.

நேற்றும் நாலேகால்.
மேட்டில் விளக்கு மங்கியது,
இறங்கும்போது எரிந்தது.
திருப்பத்தில் வெள்ளையாக இரண்டு.

நெடுஞ்சாலைக்காரர்கள் புதிதாக நட்ட கல்.
அதற்குள்
நாக்கு மேலே ஒட்டிவிட்டது.