நடவடிக்கைக் குறிப்பில் இல்லாதது

அயோவா மாநிலம், பெல்மர் ஊர்.
ஜப்பான்–அமெரிக்க நட்புறவுச் சங்கத்துக்கு
பதினோரு வருடமாக நான்தான் செயலாளர்.
பெயர்தான் பெரிது. ஆட்கள் பத்தொன்பது.
அதில் இருவர் சந்தா கட்டுவதில்லை.

மண்தோண்டி இயந்திரத் தொழிற்சாலை வந்த வருடம்
ஒசாகாவிலிருந்து ஒன்பது குடும்பங்கள் வந்திறங்கின.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் முதல் கூட்டம்.
நாங்கள் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோனோம்.
அவர்களும் உருளைக்கிழங்கு சாலட்.
எங்களுக்கு அதுதான் பிடிக்குமென்று
யாரோ சொல்லியிருந்தார்களாம்.
கிண்ணங்களைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு வெர்லின் சிரித்தான்.
பனி வாரும் லாரி ஓட்டுபவன்;
அவன் சிரித்தால் மேசைக் கரண்டிகள் ஆடும்.

மூன்றாம் கூட்டத்தில் தீர்மானம்:
ஆற்றங்கரைப் பூங்காவில் பன்னிரண்டு செர்ரி மரங்கள்.
முன்மொழிந்தவர் ஒரிகாசா. வழிமொழிந்தவன் வெர்லின்.
எதிர்ப்பு இல்லை.
ஜனவரியிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

அந்த ஜனவரி, மைனஸ் இருபத்தொன்பது.
ஆறு பிளக்கும் சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன.
ஏப்ரலில் போய் நகத்தால் பட்டையைக் கீறினேன்.
பச்சை இல்லை.
அடுத்ததிலும் இல்லை.
பன்னிரண்டும் விறகு.

மே மாதம் பூப்பார்க்கும் விருந்து என்று
மேயரிடம் சொல்லியாயிற்று.
ஒசாகா தலைமையகத்திலிருந்து ஒருவர்
விமானச் சீட்டே எடுத்துவிட்டார்.

ஒரு வியாழன் இரவு
லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில்
வெர்லினும் நானும் செத்ததைப் பிடுங்கி
உள்ளூர் காட்டு ஆப்பிள் கன்றுகளை நட்டோம்.
எட்டிப் பார்த்தால் அதே இளஞ்சிவப்பு.
செலவு: நாற்காலி வாங்க வைத்திருந்த பணம்.
இன்றும் கூட்டத்தில் யார் எழுந்தாலும் உட்கார்ந்தாலும்
கிறீச்சிடுவது அந்த இரவுதான்.

மே பதினான்கு. பூத்தது.
ஒரிகாசா ஒரு கிளையைத் தாழ்த்தி
இதழின் நுனியைப் பார்த்தார்.
செர்ரி இதழின் நுனியில் சின்ன வெட்டு இருக்கும்.
இதை நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது
ஜூன் மாதம்.
கிளையை மெல்ல விட்டார். தலை வணங்கினார்,
மரத்துக்கா எனக்கா தெரியவில்லை.
அவர் மனைவி கிமிகோ நீலத் தார்ப்பாயை விரித்து
நான்கு மூலையிலும் செருப்புகளை வைத்தாள்.
தலைமையகத்துக்காரர் முப்பத்தாறு படம் எடுத்தார்.

செப்டம்பரில் மரங்களே என்னைக் காட்டிக்கொடுத்தன.
கோலிக்குண்டு அளவில்
சிவப்புச் சிவப்பாக ஆப்பிள்கள்.
விடிவதற்குள் பறித்துவிடலாம் என்று
வாளியோடு போனேன்.
எனக்கு முன்பே அங்கே ஒரு வாளி.
கிமிகோ கீழ்க்கிளைகளை முடித்திருந்தாள்.
"ஏணி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள்.
இருந்தது.
பிறகு வெயில் ஏறும்வரை
வாளியில் காய் விழும் சத்தம்தான்.

அடுத்த வருடம் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.
என் வாசற்படியில் ஒரு கண்ணாடி ஜாடி,
உப்பில் ஊறிய சிவப்பு.
மேலே ஒட்டிய தாளில் மூன்று வரி,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.
தின்றால் கண் கூசும் புளிப்பு. தின்று தீர்த்தேன்.
ஜாடியில் இப்போது பொத்தான்கள் கிடக்கின்றன.
தாளை மட்டும் உரிக்க மனம் வரவில்லை.

போன மாதம் புதிதாய்ச் சேர்ந்த ஹசுகி
கோட்டுக்குப் பொத்தான் தேடி வந்தவள்
ஜாடியைத் திருப்பிப் படித்தாள்:
"பெல்மர் செர்ரி.
முதல் விளைச்சல்.
வெளியே சொல்ல வேண்டாம்."

கடைசி வரியைத் தானாகச் சேர்த்தாளோ என்று
மறுபடி படிக்கச் சொன்னேன்.
அதே மூன்று வரி.

வெர்லினிடம் போனேன்.
பழைய குறிப்பேட்டைத் திருத்திவிடலாமா,
செர்ரி என்பதை அடித்துவிட்டு?
"மரம் உயிரோடதானே இருக்கு?"
பன்னிரண்டும்.
"அப்புறம் என்னத்தைத் திருத்தறது?" என்றான்
பனித்தட்டுக்கு எண்ணெய் விட்டபடி.

சந்தா கட்டாத இருவரில்
அவனும் ஒருவன்.