எது எதற்கு

ஓலொமொட்ஸ் ஞாயிற்றுச் சந்தை.
லுபோரின் மேசை முன் ஏழாவது வாரமாக நிற்கிறேன்.
வேண்டியது ஒரு சுருள்வில்,
மூன்று கசகசாவைக் கோத்தால் வரும் நீளம்.
ஷூ பாலிஷ் டப்பாக்களைக் கவிழ்த்துக் கிளறி
"போன வாரம்தான் போச்சு" என்பான்,
எல்லா வாரமும்.

என் இரட்டைக்கண் கேமராவில்
ஷட்டர் திறக்கும், மூடாது;
கேள்வி கேட்டுவிட்டு
வாயைத் திறந்தபடி நிற்பவன் மாதிரி.

கையேடு முன்னதாகவே கிடைத்திருந்தது,
தையல் விட்டு, பிரெஞ்சில்.
அம்புக்குறிகளை நம்பிப் போனேன்.
இருபத்தோராம் பக்கத்தில் மட்டும்
தடித்த எழுத்தில் ஒரு வரி.
மருந்துக்கடை ஹெத்விகா படித்துச் சொன்னாள்:
"இதற்கு மேல் நீங்களாகத் திறக்க வேண்டாம்."
திறந்து இருபது நாளாகியிருந்தது.

இன்று லுபோர்
செத்த கேமரா ஒன்றை நீட்டினான்,
அதே வகை.
"அறுத்து எடுத்துக்கோ. எண்ணூறு கொருனா."
அறுநூறுக்குப் படிந்தது.

சமையல் மேசையில் துணி விரித்து
முட்டை அட்டையின் குழிக்கொரு திருகாகப் போட்டு
முன்தகட்டைக் கழற்றினால்,
வில் இருக்கிறது. துருவில்லை.
லென்ஸில் ஒரு கீறலில்லை, என்னுடையதில் மூன்று.
பிணத்துக்குக் குறை
ஃபிலிம் சுற்றும் பிடியில் ஒரேயொரு திருகு.

அது என்னுடையதில் இருக்கிறது.

மணி பதினொன்றே கால்.
இரண்டும் வயிறு திறந்து கிடக்கின்றன.
எது எதற்கு உதிரி?
கையேட்டைப் புரட்டுகிறேன்,
பிரெஞ்சு தெரிந்தவன் போல.

அட்டையின் ஓரக் குழியில்
ஒரு முட்டை மிச்சம்.
முதலில் அதை வேகவைக்கிறேன்.