நல்வரவு நீக்கம்

தணிக்கைக்கு வந்தவர் பன்னீர் சோடா கேட்டார்,
குடித்தார், திரையைப் பார்த்தார்.
"நல்வரவு என்று போட்டிருக்கிறீர்கள்.
திருட வந்தவன் நாளை கோர்ட்டில்
கூப்பிட்டார்கள், போனேன் என்பான்.
எடுத்துவிடுங்கள்."

காரைக்குடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்,
கூட்டுறவுச் சங்கத்தின் சர்வர்.
அந்தச் சொல்லை வைத்தவள் நான்தான்,
நாலு வருஷம் முன்பு ரூட்டாக நுழைந்து
நட்சத்திரக் குறிகளால் சுற்றிலும் வேலி கட்டி.
வேலி ஒருநாளும் நேராக நின்றதில்லை.
தமிழ் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று
இயந்திரத்துக்கு இன்றுவரை சந்தேகம்.
பழைய திரைகளில் வேலிக்குள் இருப்பது
ஏழு கேள்விக்குறி.
தேவகோட்டைக் கிளையின் மெய்யம்மை சொல்வாள்:
"ஏழு கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுது."

எடுத்தேன்.
முழநீளச் சாவி போடும் வீடுகளிலும் இந்த ஊரில்
நிலைக்கு மேல் கண்ணாடியில் அதே சொல் இருக்கிறது.
எந்தத் திருடனும் அதைக் காட்டித் தப்பியதாகக் கேள்வியில்லை.
அவரிடம் சொல்லவில்லை;
கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

இப்போது கடவுச்சொல்லுக்கு முன்னால்
வக்கீல் தந்த வாசகம்:
அனுமதியற்றோர் நுழையக் கூடாது. செயல்கள் பதிவாகும்.
கடவுச்சொல்லுக்குப் பின்னால் காட்டும் கோப்பு
காலியாகக் கிடந்தது.
அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அதில் எழுதினேன்:
நாளை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இருக்காது.
யூபிஎஸ் நாற்பது நிமிஷம் தாங்கும்.
சேமித்துக்கொண்டே இருங்கள்.

பள்ளத்தூர் வயிரவன் படிக்கவில்லை.
தன் கோப்பகத்தில் அவன்
ஒரு வெற்றுக் கோப்பு வைத்திருக்கிறான்.
புள்ளியில் தொடங்கும் பெயர், எடை பூஜ்யம்.
அது இருக்கும்வரை அவனிடம்
இயந்திரம் வாய் திறக்காது.
இரண்டு தெருவுக்கும் கதவுள்ள வீட்டில்
பின்தெரு வழியாகவே வந்து போகிறவன் மாதிரி.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் போனில் கத்தினான்.
மூன்று மாத வட்டிக் கணக்கு.
"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"
சொன்னேனே என்றேன்.
"எங்கே?"

மாலை கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது,
விளக்குகள் பச்சையாயின.
வேலை முடிந்த அறிவிப்பை அழித்தேன்.
கோப்பை அப்படியே மூட மனசில்லை.
சாவி போட்டு உள்ளே வந்தவர்களைத்
திருடர் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது;
தணிக்கைக்காரர் இதுவரைக்கும் வருவதில்லை.

வேலி இல்லாமல் எழுதினேன்: வாங்க.

பழைய திரையில் ஐந்து கேள்விக்குறி.
மெய்யம்மை திங்கட்கிழமை கூப்பிட்டாள்:
"ரெண்டு கேள்வி குறைஞ்சிருக்கே,
என்னை நம்ப ஆரம்பிச்சிருச்சா?"